தராசு அக்காவும் பதினாறாம் எண் பாட்டிலும்

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மின்தராசு உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் அது தன் இஷ்டத்துக்கு எண் காட்டும். அந்த மாதிரி நாட்களில் நான் அதைத் துணி போட்டு மூடிவிட்டு அட்டெண்டர் அக்காவைக் கூப்பிடுவேன். அவர் கரண்டியை உப்புக்குள் விட்டு எடுத்து, விளிம்பில் ஒரு தட்டு தட்டி, "ரெண்டு கிராம்" என்பார். வெயில் வந்த பிறகு தராசில் வைத்துப் பார்த்தால் ஒன்று புள்ளி ஒன்பது எட்டு, இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று என்றுதான் வரும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தராசு அக்கா. அப்படிக் கூப்பிட்டால் திட்டுவார். கூப்பிடாவிட்டால் முகம் வாடிவிடும்.

அவர் அந்த ஆய்வகத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம். நான் ஆசிரியையாகச் சேர்ந்து ஒன்பது வருடம்தான். ஆகவே ஆய்வகம் அவருடையது, நான் வந்து போகிறவள். குழாயடியில் எந்தத் திருகை எத்தனை சுற்றுச் சுற்றினால் ஒழுகாது, எந்த பர்னர் முதலில் 'பக்' என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் எரியும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். வேடிக்கை என்னவென்றால், பள்ளி இறுதித் தேர்வில் அவர் எல்லாப் பாடத்திலும் தேறி, ஒன்றில் மட்டும் கோட்டை விட்டவர். அந்த ஒன்று வேதியியல் செய்முறை. தோற்ற இடத்திலேயே வேலை கிடைத்து, தோற்ற பாடத்தின் சோதனைக் குழாய்களையே இருபத்திரண்டு வருடம் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவருக்கும் ஒரு விஷயத்தில் ஆகவே ஆகாது. செய்முறைத் தேர்வன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாட்டிலில் பெயர் இல்லாத உப்பு கொடுப்போம். மேலே எண் மட்டும்தான் இருக்கும். படிப்படியாகச் சோதித்து அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாட்டில்களை நிரப்புகிறவர் அக்கா. அவருக்கு வாய் திறக்காமல் விடை சொல்லத் தெரியும். ஒரு பிள்ளை விழிபிதுங்கி நின்றால், அந்த உப்பைக் கடைசியில் உறுதிசெய்யத் தேவையான வினைப்பொருள் பாட்டிலை, மேசை துடைக்கிற சாக்கில், அந்தப் பிள்ளையின் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்துவிடுவார். விவரம் தெரிந்த பிள்ளைகள் பாட்டிலைப் பார்த்ததும் விடையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இது திருட்டு அக்கா" என்று ஒரு தடவை நேராகவே சண்டை போட்டேன்.

"மேசை துடைக்கிறது திருட்டா, டீச்சர்?"

"துடைக்கிற துணி எப்பவும் அழுற பிள்ளை பக்கமே போகுதே, அது எப்படி?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நான் பரீட்சை எழுதின அன்னைக்கு பக்கத்து மேசைக்காரி 'காப்பர்'னு காதைக் கடிச்சா. நம்பி எழுதினேன். அது காப்பர் இல்லை. எனக்குத்தான் யாரும் சரியாச் சொல்லலை. இவங்களுக்காவது சரியாச் சொல்றேன்."

கோபத்தோடு போய்விட்டேன்.

போன வருடத் தொடக்கத்தில் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஆய்வகங்களில் இனி அட்டெண்டர் என்ற வேலை கிடையாது. ஆய்வக உதவியாளர் என்ற வேலைதான். அதற்குப் பள்ளி இறுதியில் வேதியியல் தேறியிருக்க வேண்டும். தேறாதவர்கள் அலுவலகத்தில் கோப்பு எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு மாற்றப்படுவார்கள். ஒரு வருட அவகாசம். தலைமையாசிரியர் அறையிலிருந்து அக்கா அந்தத் தாளோடு வந்து, அமில அலமாரி முன்னால் நின்றார்.

"லேபை விட்டுட்டு நான் அங்க போய் என்ன பண்ணுவேன், டீச்சர்? கோப்புக்கு வாசனைகூடக் கிடையாதே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "எழுதிடுங்க அக்கா, நான் இருக்கேன்" என்றேன். அவர் இல்லாத ஆய்வகத்தை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவர் வீட்டில் இரண்டு அறைகள், ஒரு நீளச் சமையலறை. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர், மகள் நர்சிங் படிக்கிறவள். அக்கா காய் நறுக்க, ஓட்டுநர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தை வைத்துக் கேள்வி கேட்பார். தேர்வு நெருங்கும்போது அக்காவைவிட அவருக்குத்தான் பாடம் தெளிவாக இருந்தது.

"முதல் குரூப் என்ன போடுவ?"

"டைலூட் ஹைட்ரோகுளோரிக். வெள்ளையா விழுந்தா லெட், நம்ம ஈயம்."

"விழலைன்னா?"

"விழலைன்னா அடுத்த ஸ்டாப்" என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுப்பாள். "அப்பாவுக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா."

கேலிதான், ஆனால் தப்பில்லை. ஒரு வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரியான வேலை அது. உப்புக் கரைசலில் முதல் குழுவின் வினைப்பொருளை விட்டால், அந்தக் குழுவைச் சேர்ந்த உலோகம் இருந்தால் மட்டும் கரையாமல் திரண்டு வீழ்படிவாக எழுந்து நிற்கும். இல்லையென்றால் கரைசல் தெளிவாகவே இருக்கும். அடுத்த குழுவைக் கூப்பிட வேண்டும். வரிசையைத் தாண்டிக் கூப்பிடக் கூடாது, ஏனென்றால் பின்னால் இருக்கிற குழுக்களின் அழைப்புக்கு முன்னால் இருக்கிறவர்களும் எழுந்து நின்று குழப்புவார்கள்.

அக்காவுக்குப் பொறுக்காதது இந்த வரிசைதான். பள்ளி விட்ட பிறகு நான் எண் போட்ட பாட்டிலை நீட்டுவேன். மூடியைத் திறக்கும் முன்பே "அம்மோனியம் குளோரைடு" என்பார்.

"எப்படித் தெரியும்?"

"குலுக்கினா சத்தமே வரலை பாருங்க. ஈரம் வாங்கி ஒட்டியிருக்கு."

பொடித்துக் காயவைத்துக் கொடுத்தேன். கரண்டியில் எடுத்ததும் சொல்லிவிட்டார். தாளில் மூன்று கட்டங்கள் உண்டு: சோதனை, காண்பது, அறிவது. முதல் நாள் அவர் எழுதிய தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சோதனை: "கையில் எடுத்தேன்." காண்பது: "கனமாக இருந்தது." அறிவது: "லெட் நைட்ரேட்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கை சொல்லிச்சுன்னு எழுதினா எவன் மார்க் போடுவான் அக்கா?"

"சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருந்தா போதாது. எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு காட்டணும்."

"இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கை ஒரு தடவை தப்பாச் சொல்லியிருக்கா, டீச்சர்?"

சொல்லவில்லைதான். அலமாரியில் இருந்த பன்னிரண்டு உப்புகளையும் அந்தக் கை தன் பிள்ளைகளைப் போல அறிந்திருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, குழாய்களை வரிசையாக அடுக்கி, முதல் குழுவிலிருந்து செய்து காட்டினார். விடை தெரிந்துகொண்டே செய்கிறவரின் அலுப்பு அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனாலும் செய்தார். ஒவ்வொரு வரியையும் செய்த பிறகே எழுதினார். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் சண்டை போட்டே உண்டாக்கிவிட்டேன்.

வேலை பார்க்கிற பள்ளியிலேயே தேர்வெழுத விதியில் இடமில்லை. தனித்தேர்வர்களுக்கு நான்கு தெரு தள்ளி இன்னொரு பள்ளி. அன்று காலை ஓட்டுநர் விடுப்புப் போட்டு, தானே ஒரு பயணியாகப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப்போனாராம். இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அக்கா சொல்லி நான் அறிந்தது. அவர் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

முதலில் தரம் பார்த்தல். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் உள்ள கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறி அப்படியே நிற்கிற அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். இதில் அக்காவின் கைக்கு ஈடு கிடையாது. பிள்ளைகள் ஐந்தாறு தடவை செய்து கண் எரிய நிற்கும்போது, அவர் மூன்றே தடவையில் ஒரே அளவைக் கொண்டுவந்துவிட்டார். குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது, அந்த ஆய்வகத்தின் அட்டெண்டர், ஒரு நெட்டையர், பக்கத்தில் வந்து நின்றாராம்.

"நீங்களும் நம்ம வேலைதானா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கழுவுற கையைப் பார்த்தா தெரியாதா?"

பிறகு உப்பு. பதினாறாம் எண் பாட்டில். வெள்ளைப் படிகம், மினுமினுப்பு. கரண்டியில் எடுத்தார். கனம். எங்கள் அலமாரியில் வெள்ளையாகவும் கனமாகவும் உள்ள உப்பு ஒன்றே ஒன்றுதான். கை உடனே சொல்லிவிட்டது: லெட் நைட்ரேட்.

நைட்ரேட்டுக்கு உள்ள சோதனையைச் செய்தார். அமிலத்தைக் குழாயின் உட்சுவர் வழியே மெதுவாக இறக்க, இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் அழகாக வந்தது. நைட்ரேட் உறுதி. பாதிக் கிணறு தாண்டிய தெம்பில் நிமிர்ந்தால், நெட்டையர் மேசை துடைத்துக்கொண்டு வருகிறார். துணி நகர்ந்தது. பொட்டாசியம் குரோமேட் பாட்டில் அக்காவின் பக்கம் ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"எனக்கு அழுகையே வந்துடுச்சு, டீச்சர். எத்தனை பிள்ளைங்களுக்கு நான் அப்படித் தள்ளி வச்சிருப்பேன். எனக்குன்னு ஒருத்தர் தள்ளி வைக்கிறார்."

எங்கள் ஆய்வகத்தில் குரோமேட் பாட்டிலை லெட்டுக்கு மட்டும்தான் திறப்போம். கை சொன்னதும் லெட், நெட்டையர் சொன்னதும் லெட். வரிசையாவது மண்ணாவது என்று இரண்டு சொட்டு குரோமேட்டை விட்டார். மஞ்சளாக வீழ்படிவு திரண்டது. மூன்றாவது சாட்சியும் சொல்லியாயிற்று. தாளின் அடியில் பென்சிலால் "லெட் நைட்ரேட்" என்று எழுதினார். இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது. மேலே உள்ள கட்டங்களை நிரப்பினால் வேலை முடிந்தது.

முதல் குழுவின் கட்டம். "நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தேன். வெண்மையான வீழ்படிவு." கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்; பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் பேனாவை எடுத்தார். பிறகு, என்னைத் திட்டிக்கொண்டேதானாம், பேனாவை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தார். அமிலத்தை விட்டார்.

ஒன்றுமே விழவில்லை. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

குலுக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டார். தெளிவு. குழாயைக் கழுவிப் புதிதாகச் செய்தார். தெளிவு.

அமிலம் கெட்டிருக்கும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அது அட்டெண்டர் புத்தி. வினைப்பொருள் சரியில்லை என்றால் அதைச் சோதிக்கவும் அட்டெண்டருக்குத் தெரியும். ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட்டில் அதே அமிலத்தை ஊற்றினார். புஸ்ஸென்று பொங்கி நுரைத்தது. அமிலம் நன்றாகத்தான் இருக்கிறது.

"ஆசிட் பொய் சொல்லலை. அப்படின்னா பொய் சொல்றது என் கை."

யாரும் பார்க்கவில்லை. 'வெண்மையான வீழ்படிவு' என்று இரண்டு வார்த்தை எழுதினால் தாள் முழுக்க ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். கை, நெட்டையர், மஞ்சள் நிறம் எல்லாம் ஒரு பக்கம். ஒன்றும் விழாத ஒரு குழாய் மறுபக்கம். தப்பாகப் போனால் ஆய்வகமே போய்விடும். அக்கா அந்தக் குழாயைத் தாங்கியில் கண்ணுக்கு நேராக வைத்து, கட்டத்தில் எழுதினார்: "வீழ்படிவு இல்லை. முதல் குழு இல்லை." பிறகு பென்சிலால் எழுதியதை அழித்தார்.

அங்கிருந்து ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டார். இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை. நான்காவது, இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்த குழாயில் என்ன வரும் என்று தெரியாமல் அக்கா ஒரு சோதனையைச் செய்துகொண்டிருந்தார். "பயம்தான், டீச்சர். ஆனா பயம் மட்டும் இல்லை. என்னதான் நீன்னு பார்க்கணும்போல இருந்துச்சு" என்றார்.

ஐந்தாவது குழு. அம்மோனியம் கார்பனேட்டை விட்டதும் குழாய் முழுக்க வெள்ளையாகத் திரண்டது.

இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி. உப்பில் கொஞ்சம் எடுத்து அடர் அமிலத்தில் குழைத்து, பிளாட்டினக் கம்பி முனையில் தொட்டு, பர்னரின் நீலச் சுடரில் காட்டினார். சுடர் பச்சையானது. துளிர் இலையின் பச்சை. கம்பி அசையாமல் இருக்கும் வரை அதுவும் அசையாமல் நின்றது. பச்சைச் சுடர் என்றால் பேரியம் என்று புத்தகத்திலிருந்து கணவர் வாசித்துக் காட்டிய வரி அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அடியில் மையால் எழுதினார்: பேரியம் நைட்ரேட்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு கண்ணாடி போட்ட அம்மா. தாளைச் சாய்த்துப் பிடித்து அழித்த இடத்தைப் பார்த்தாராம்.

"லெட்னு எழுதி அழிச்சிருக்கீங்க. ஏன் மாத்தினீங்க?"

"கை லெட்னு சொல்லிச்சும்மா. டியூப் இல்லைன்னு சொல்லிச்சு. டியூபை நம்பிட்டேன்."

அந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டு "போகலாம்" என்றார்.

அக்கா நேராக எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தார். கணவர் வாசலில் நிற்க, உள்ளே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அது பேரியம்தானே, டீச்சர்?"

பேரியமும் கனம். பேரியமும் குரோமேட்டோடு மஞ்சளாகத்தான் விழும். நெட்டையர் தள்ளி வைத்தது சரியான பாட்டில்தான். அவர் சொன்னது பேரியம், அக்கா படித்தது லெட். ஏனென்றால் எங்கள் அலமாரியில் பேரியம் உப்பே கிடையாது. ஒன்பது வருடமாக இருப்புப் பட்டியலில் அதற்கு நேராக 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டு வந்தவள் நான். வருடம் முழுக்க அவர் கையைக் குறை சொல்லிவிட்டு, அந்தக் கைக்கு ஒரு உப்பைக் காட்டாமலே தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதையும் அவரிடமே சொன்னேன்.

"அதை விடுங்க. தானா, இல்லையா?"

"சுடர் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ரொம்ப நேரம்."

"தான்" என்றேன்.

ஓட்டுநர் வாசலிலிருந்து, "அஞ்சாவது குரூப்தானே? நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

முடிவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. செய்முறையோடு சேர்த்துத் திரும்ப எழுத வேண்டியிருந்த எழுத்துத் தேர்வில் மயிரிழையில் தப்பித்திருந்தார். செய்முறையில் முப்பதுக்கு இருபத்தெட்டு. தலைமையாசிரியர் மதிப்பெண்ணைப் படித்ததும் அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஓட்டுநர் அன்று தன் பேருந்தில் ஏறின ஒவ்வொருவரிடமும் சொன்னார் என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆய்வக உதவியாளராக அவர் கையெழுத்திட்ட முதல் தாள், வேண்டிய பொருள்களின் பட்டியல். முதல் வரி பேரியம் நைட்ரேட், இரண்டாவது வரி பேரியம் குளோரைடு. இரண்டும் வந்து சேர்ந்தன.

இந்த வருடச் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், பாட்டில்களை நிரப்பும் வேலையை அக்கா என்னிடம் தள்ளினார். நான் நிரப்பும்போது அறைக்குள்கூட வரவில்லை. மறுநாள் தேர்வில் ஒரு பெண் விழி நிறைய நீரோடு, "அக்கா, என்ன உப்புக்கா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி அக்கா சொன்னார்: "எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது. முதல் குரூப்ல இருந்து கேட்டுப் பாரு." அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழாயை எடுத்தாள். மேசை அன்று ஒரு தடவைதான் துடைக்கப்பட்டது, அதுவும் எல்லாரும் போன பிறகு.

அந்தப் பெண் கண்டுபிடித்தாளா என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்திருந்தாள். சொல்லலாம் என்று நிமிர்ந்தால், அக்கா அவளுடைய பாட்டிலில் மிஞ்சியிருந்த உப்பை ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆறு குழாய்களைக் கழுவி அடுக்கியிருந்தார்.

"அக்கா, அது..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லிடாதீங்க, டீச்சர்" என்று கையை உயர்த்தினார்.